டல்லாஸ் விஷயத்துல தப்பு யார் மேல? ஓனரா, டீம்ல ஆள் சேக்குற ஜிஎம்மா (ஜெனரல் மேனேஜர்), இல்ல பிளேயர்ஸுக்கு பவர் ஏறிடுச்சா?

தர்மபுரி கோர்ட்:

வணக்கம்ங்க. தர்மபுரில சாயங்காலம் ஸ்கூல் பசங்களுக்கு பாஸ்கெட்பால் சொல்லிக்குடுக்குறேன். பிராக்டிஸ் முடிஞ்சா பசங்க பேச்சு பூரா அமெரிக்காவோட என்பிஏ லீக் தான், இப்போ லூக்கா டான்சிச் விஷயத்துல ரெண்டு கட்சியா பிரிஞ்சு நிக்குறாங்க. தெரியாதவங்களுக்காக சொல்றேன், 2024ல டல்லாஸ் மேவரிக்ஸ் டீம ஃபைனல்ஸ் வரைக்கும் கூட்டிட்டு போனவன் லூக்கா, பாஸ்டன்கிட்ட 4-1னு தோத்தாங்க. அடுத்த பிப்ரவரில, அவனுக்கு 25 வயசு இருக்கும்போது, ராத்திரியோட ராத்திரியா லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் டீமுக்கு டிரேட் பண்ணி (பிளேயர மாத்திக்குறது) அனுப்பிட்டாங்க. பதிலுக்கு வந்தது அந்தோணி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029ல ஒரு ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக், அதாவது அந்த வருஷ டிராஃப்ட்ல (டீமுங்க வரிசையா புது பசங்கள எடுக்கறது) முதல் சுத்துல ஒருத்தன எடுக்கற உரிமை. டிஃபென்ஸ்தான் சாம்பியன்ஷிப் ஜெயிச்சுக் குடுக்கும்னு ஜிஎம் நிக்கோ ஹாரிசன் சொன்னாரு. டேவிஸ் முதல் மேட்ச்லயே காயமாகி உக்காந்துட்டாரு, மார்ச்ல கைரி இர்விங்குக்கு முட்டில லிகமெண்ட் கிழிஞ்சுது, டீம் 39-43ல முடிச்சு பிளேஆஃப் போகல, ஸ்டேடியம் பூரா நிக்கோவ தூக்குன்னு கத்துனாங்க. 2025 நவம்பர்ல தூக்கிட்டாங்க.

பசங்கள்ல ஒரு கட்சி எல்லாம் நிக்கோ தப்புன்னு சொல்லுது. இன்னொரு கட்சி என்ன சொல்லுதுன்னா இப்பல்லாம் ஸ்டார் பிளேயருங்க டீமையே ஆட்டிவைக்குறாங்க, லூக்கா ஒடம்ப பாத்துக்கல, கோச் பேச்சு கேக்கல, அதனால டீம் கண்டிப்பு காட்டுனது சரிதான்னு. எனக்கு ரெண்டுமே பத்தல. அந்த டிரேடுக்கு சரின்னு தலையாட்டுனது ஓனர் பேட்ரிக் டூமாண்ட் தானே, அவர பத்தி யாருமே பேச மாட்டேங்குறாங்க. ஒரு டீம்ல ஓனர் வேலை என்ன, ஜிஎம் வேலை என்ன, பிளேயருக்கு எவ்ளோ சொல்லு இருக்கணும்? பசங்களுக்கு நான் சரியா சொல்லணும், அதனால தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா எழுதுங்க.

ஓசூர் நைட் ஷிப்ட்:

அண்ணா முதல்ல அந்த ரெண்டாவது கட்சிக்கு பதில் சொல்லிடுறேன், ஏன்னா இந்த பிளேயர் பவர் பேச்சு கேட்டாலே எனக்கு கோவம் வருது. லூக்காவுக்கு என்ன பவர் இருந்துச்சு சொல்லுங்க. டிரேட் நடக்கப்போறது அவனுக்கே தெரியாது. டேவிஸுக்கும் தெரியாது. டல்லாஸ் கோச் ஜேசன் கிட்டுக்கே கடைசி நேரத்துலதான் சொன்னாங்க. நம்ம ஐபிஎல்ல கூட ஒரு பிளேயர டிரேட் பண்ணணும்னா அவன் சம்மதம் வேணும், ஜடேஜா சென்னைய விட்டு ராஜஸ்தான் போனதுகூட அவர் ஒத்துக்கிட்டதாலதான். என்பிஏல அப்படி ஒண்ணும் கிடையாது. டிரேடுக்கு மாட்டேன்னு சொல்ற உரிமைய காண்ட்ராக்ட்ல எழுதி வாங்கணும்னா லீக்ல எட்டு வருஷம், அந்த டீம்ல நாலு வருஷம் ஆடியிருக்கணும், அதுவும் புதுசா காண்ட்ராக்ட் போடும்போதுதான் கேக்க முடியும். லெப்ரான், பிராட்லி பீல்னு விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் வாங்கியிருக்காங்க.

காசு கணக்கையும் பாருங்க. டல்லாஸ்லயே இருந்திருந்தா 2025 சம்மர்ல அஞ்சு வருஷத்துக்கு கிட்டத்தட்ட 34.5 கோடி டாலர் காண்ட்ராக்ட் கேக்குற தகுதி அவனுக்கு வந்திருக்கும். டீம் மாறுனதும் அந்த சூப்பர்மேக்ஸ் (ரொம்ப பெரிய காண்ட்ராக்ட்) தகுதி போச்சு, ஏன்னா அது டிராஃப்ட் பண்ண டீமோடயோ முதல் காண்ட்ராக்ட்லயே மாத்தி வாங்குன டீமோடயோ இருக்கறவங்களுக்குத்தான். லேக்கர்ஸ்ல ஆகஸ்ட்ல மூணு வருஷத்துக்கு 16.5 கோடி டாலருக்கு கையெழுத்து போட்டான். பின்னாடி சம்பாதிப்பான், அது வேற. ஆனா அவன் கேக்காத ஒரு டிரேட்டால அவன் கைல இருந்த காண்ட்ராக்ட் தகுதி போச்சுல்ல, இதுக்கு பேரு பிளேயர் பவரா? ஏப்ரல்ல டல்லாஸுக்கு எதிர் டீம்ல வந்து ஆடுனப்போ அவனுக்காக வீடியோ போட்டாங்க, பெஞ்ச்ல உக்காந்து அழுதான், அழுதுட்டு எந்திரிச்சு 45 பாயிண்ட் அடிச்சான். விட்டுட்டு போகணும்னு நெனைக்கிறவன் அப்படி அழமாட்டான்ணா.

காவேரிப்பட்டணம் லெஃப்டி:

ஓசூர் தம்பி சொல்றது லூக்காவுக்கு சரி. ஆனா லூக்காவ வெச்சு எல்லாரையும் காப்பாத்த முடியாது. ஜேம்ஸ் ஹார்டன்னு ஒரு ஸ்டார் பண்ணத பாருங்க. 2021 ஜனவரில ஹூஸ்டன்ல அடம் புடிச்சு புரூக்ளின் போனாரு, ஒரே வருஷத்துல அங்கயும் இருக்க மாட்டேன்னு ஃபிலடெல்ஃபியா, 2023ல சீனால ஒரு ஃபங்ஷன்ல மைக் புடிச்சு, ஃபிலடெல்ஃபியா டீம் நிர்வாகி டேரில் மோரி ஒரு பொய்யன், அவர் இருக்கற டீம்ல நான் இருக்கவே மாட்டேன்னாரு, கடைசில கிளிப்பர்ஸ் போய் சேந்தாரு. புரூக்ளின்ல ஆடுன கெவின் துரான்ட் கதை அதவிட மோசம், 2021ல நாலு வருஷ எக்ஸ்டென்ஷன் (காண்ட்ராக்ட் நீட்டிப்பு) போட்டுட்டு அந்த எக்ஸ்டென்ஷன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே 2022 ஜூன்ல டிரேட் கேட்டாரு. காண்ட்ராக்ட்னா ரெண்டு பக்கமும் கட்டுப்படணும்ல, டிக்கெட் வாங்குறவன், ஜெர்சி வாங்குறவன் நெலமை என்ன?

இதுல சின்ன ஊர் டீமுங்கதான் அதிகமா அடிவாங்குது. கடைசி வருஷ காண்ட்ராக்ட்ல இருக்கற ஸ்டார், நான் இங்க கையெழுத்து போடமாட்டேன்னு வெளில சொல்லிட்டான்னா அந்த டீமுக்கு பேரம் பேசவே வழியில்ல. நம்ம பக்கம் மாங்கா தோட்டத்துல காய் முத்திடுச்சுன்னா மாங்கூழ் ஃபேக்டரில சொல்ற ரேட்டுக்குத்தான் போட்டாகணும், மரத்துலயும் விட முடியாது வீட்லயும் வெக்க முடியாது, அந்த மாதிரி. நியூ ஆர்லியன்ஸ்ல இதே அந்தோணி டேவிஸ் 2019ல சீசன் நடுவுலயே வெளிப்படையா டிரேட் கேட்டாரு, லீக் போட்ட ஃபைன் 50,000 டாலர், அவர் சம்பளத்துக்கு அதெல்லாம் ஒரு காசா. பசங்ககிட்ட பேசும்போது ஒரு பக்கம் மட்டும் சொல்லாதீங்க சார்.

பழைய செண்டர், கிருஷ்ணகிரி:

நான் காலேஜ் காலத்துல இருந்து ஆடுனவன், பெரியகுளம் கரூர்னு டோர்னமெண்ட் பாக்க பஸ் ஏறிப் போன தலைமுறை. தம்பிங்க பேசுறத படிச்சேன். இந்த பவர் பிளேயர் கைக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியாம இது நல்லதா கெட்டதான்னு பேச முடியாது.

1964 ஜனவரி 14, பாஸ்டன்ல ஆல் ஸ்டார் மேட்ச். முதல் தடவையா ராத்திரி முக்கியமான நேரத்துல டிவில நேரடியா காட்டப்போறாங்க, ஓனருங்களுக்கு அது பெரிய வாய்ப்பு. அன்னிக்கு பில் ரஸ்ஸல், ஆஸ்கார் ராபர்ட்சன், ஜெர்ரி வெஸ்ட், எல்ஜின் பேய்லர், வில்ட் சேம்பர்லேன் எல்லாம் டிரெஸ்ஸிங் ரூம்ல உக்காந்துட்டாங்க, பென்ஷன் பத்தி உறுதி குடுக்காம கோர்ட்டுக்கு வரமாட்டோம்னு. யூனியன் தலைவர் டாம் ஹைன்சன், அவரும் ஒரு பாஸ்டன் பிளேயர். லேக்கர்ஸ் ஓனர் பாப் ஷார்ட் ஆள் அனுப்பி வெஸ்ட்டையும் பேய்லரையும் மிரட்டுனாரு, அந்த மிரட்டலுக்கு அப்புறம்தான் உள்ள இருந்தவங்க இன்னும் கெட்டியா நின்னாங்க. கடைசில கமிஷனர் வால்டர் கென்னடி நேர்ல வந்து வாக்கு குடுத்தாரு, மேட்ச் கொஞ்சம் லேட்டா ஆரம்பிச்சுது. அப்புறம் 1970ல ஆஸ்கார் ராபர்ட்சன் பேர்ல பிளேயருங்க லீக் மேல கேஸ் போட்டாங்க, ஆறு வருஷம் இழுத்து 1976ல சமாதானம் ஆச்சு. அதுக்கு முன்னாடி காண்ட்ராக்ட் முடிஞ்சாலும் பிளேயர் அந்த டீமுக்கே சொந்தம், வேற எடம் போக முடியாது. இன்னிக்கு பசங்க பாக்குற ஃப்ரீ ஏஜென்சி (காண்ட்ராக்ட் முடிஞ்சா வேற டீமுக்கு போறது) பூரா அந்த கேஸ்ல இருந்து வளந்தது, முழு சுதந்திரம் வர 1988 ஆச்சு. அந்த 1964 ஆளுங்கள்ல யாரும் இன்னிக்கு மாதிரி கோடில சம்பளம் வாங்கல, ஆஃப் சீசன்ல வேற வேலைக்கு போனவங்க எத்தனையோ பேர். அவங்கள நெனைக்காம ஹார்டன் ஒருத்தர வெச்சு பிளேயர் பவரே தப்புன்னு சொல்றது எனக்கு மனசுக்கு ஒப்பல.

இன்னொண்ணு, ஸ்டார் சொல்லி கோச் போறது புதுசும் இல்ல. 1981 நவம்பர்ல லேக்கர்ஸ் ஸ்டார் மேஜிக் ஜான்சன் யூட்டா மேட்ச் முடிஞ்சதும் என்ன டிரேட் பண்ணுங்கன்னு பேப்பர்காரங்ககிட்டயே சொன்னாரு, மறுநாளே கோச் பால் வெஸ்ட்ஹெட் வீட்டுக்கு போனாரு. லேக்கர்ஸோட சொந்த ரசிகருங்களே மேஜிக்க பாத்து கூ போட்டாங்க. ஆனா ஓனர் ஜெர்ரி பஸ் அந்த முடிவுக்கு தானே பொறுப்பு ஏத்துக்கிட்டு முன்னாடி வந்து நின்னாரு, பேட் ரைலிய கோச்சா போட்டாரு, 1982ல கப். 2014ல ஓனரையே தூக்குனதும் நடந்துச்சு, கிளிப்பர்ஸ் டொனால்ட் ஸ்டெர்லிங் இனவெறியா பேசுன டேப் வெளில வந்ததும் பிளேயருங்க டீம் பேரு தெரியாத மாதிரி சட்டைய திருப்பி போட்டு வார்ம்அப் பண்ணாங்க, கமிஷனர் ஆடம் சில்வர் ஆயுள் தடை, 25 லட்சம் டாலர் அபராதம் போட்டாரு, டீம ஸ்டீவ் பால்மர் 200 கோடி டாலருக்கு வாங்குனாரு. பிளேயருங்க சும்மா இருந்திருந்தா அது அவ்ளோ சீக்கிரம் நடந்திருக்காது.

ஓசூர் நைட் ஷிப்ட்:

சார் 1964 கதை எனக்கு தெரியாது, இத நம்ம குரூப்ல எல்லாருக்கும் அனுப்புறேன். லெஃப்டி அண்ணா, ஹார்டன் பண்ணது எனக்கும் புடிக்கல, ஆனா ஹார்டன ஹூஸ்டனுக்கு முன்னாடி 2012ல ஓக்லஹோமா சம்பள பேச்சு ஒத்துவரலன்னு டிரேட் பண்ணப்போ யாரும் அந்த ஓனர துரோகின்னு சொல்லல. பிளேயர் கேட்டா துரோகம், டீம் பண்ணா பிசினஸ், இது எப்படிண்ணா நியாயம்.

ஊத்தங்கரை ஸ்கோர்ஷீட்:

கேள்வி ஓனர பத்திங்கறதால அதுக்கு வரேன், எல்லாரும் சுத்தி சுத்தி பிளேயர்கிட்டயே நிக்கறீங்க.

என் கருத்து இதுதான், ஓனர் பண்ண வேண்டிய முடிவு ரொம்ப கம்மி, யார் கைல டீம குடுக்குறோம், எவ்ளோ நாள் பொறுமையா இருப்போம், எவ்ளோ செலவு பண்ணுவோம், அவ்ளோதான். ஆனா அந்த ஒண்ணு ரெண்டு முடிவுல சொதப்புனா அதுக்கு கீழ எவ்ளோ திறமையான ஆள் இருந்தாலும் காப்பாத்த முடியாது. நம்மளுக்கு நல்லா தெரிஞ்ச உதாரணம் சாக்ரமெண்டோ கிங்ஸ், ஓனர் விவேக் ரணதிவே, மும்பைல பொறந்தவர், 2013ல வாங்குனாரு, அந்த ஊர விட்டு டீம் சியாட்டிலுக்கு போகாம காப்பாத்துனாரு, 2019ல மும்பைக்கே டீம கூட்டிட்டு வந்து மேட்ச் ஆட வெச்சாரு, அதுக்கெல்லாம் நம்மளுக்கு பெருமை உண்டு. ஆனா டீம் நடத்துன விதம்? 2014-15 சீசன் ஒண்ணுல மூணு கோச். மைக் மலோன் கோச்சா இருந்தப்போ டிமார்க்கஸ் கசின்ஸ் நல்லா ஆடிட்டு இருந்தாரு, ரெண்டு பேருக்கும் ஒத்துப்போச்சு, கசின்ஸுக்கு மூளைக்காய்ச்சல் வந்து படுத்திருந்த நேரத்துல டீம் தோத்துச்சுன்னு கோச்ச அனுப்பிட்டாங்க. அதே மலோன் 2023ல டென்வருக்கு கப் வாங்கிக் குடுத்தாரு. கசின்ஸ் 2017ல டிரேட். 2018 டிராஃப்ட்ல ரெண்டாவது பிக் கைல இருந்தும் லூக்காவ விட்டுட்டு மார்வின் பேக்லிய எடுத்தாங்க. பிளேஆஃப் பாக்காம 16 சீசன், அதுல சில சீசன் இவர் வர்றதுக்கு முன்னாடி. இதுல எங்க பிளேயர் பவர் கெடுத்துச்சு? மேல இருக்கறவங்க நிலையா இல்ல, அதான் கெடுத்துச்சு.

எதிர்ப்பக்கம் ஜோ லேக்கப். 2010ல 45 கோடி டாலருக்கு கோல்டன் ஸ்டேட் வாங்குனாரு. 2012 மார்ச்ல ஊருக்கு செல்லப்பிள்ளையா இருந்த மான்டா எல்லிஸ மில்வாக்கிக்கு குடுத்துட்டு ஆண்ட்ரூ போகட்ட கொண்டுவந்தாங்க, சில நாள்ல கிறிஸ் முல்லின் ஜெர்சிய மேல ஏத்துற விழால மைக் புடிச்ச லேக்கப்ப மொத்த ஸ்டேடியமும் பேசவே விடல, அப்படி ஒரு கூச்சல். மனுஷன் ஓடல, நின்னு வாங்கிக்கிட்டாரு. இளசா இருந்த ஸ்டெஃப் கர்ரிய நம்பி கட்டுன டீம், 2015ல இருந்து 2022க்குள்ள நாலு கப். அதனால ரசிகர் கத்துனாலே டிரேட் தப்புன்னு அர்த்தமில்ல, இத பசங்ககிட்ட கண்டிப்பா சொல்லுங்க. டல்லாஸுக்கும் இதுக்கும் வித்தியாசம் எங்கன்னா, அங்க இளசான கர்ரிக்காக பெரிய பேரு வாங்கியிருந்த எல்லிஸ அனுப்புனாங்க, இங்க 25 வயசுக்காரன அனுப்பி 31 வயசுக்காரர வாங்குனாங்க, அதுவும் மத்த டீமுங்ககிட்ட கேட்டே பாக்காம ஒரே டீமோட ரகசியமா பேசி முடிச்சாங்க. டூமாண்ட் குடும்பம் டீம வாங்குனது 2023 டிசம்பர்ல, சுமார் 350 கோடி டாலர் மதிப்புல, அவங்களுக்கு பாஸ்கெட்பால் புதுசு. விக்கும்போது பழைய ஓனர் மார்க் கியூபன் பாஸ்கெட்பால் முடிவெல்லாம் தன் கைலயே இருக்கும்னு நெனச்சாரு, ஆனா காண்ட்ராக்ட்ல அது இல்ல. அப்போ புது ஓனர் பக்கத்துல ஆட்டம் தெரிஞ்சு எதிர்த்து கேள்வி கேக்கறதுக்கு யாரும் இல்லாம போச்சு. ஜிஎம் சொன்னாரு, ஓனர் சரின்னாரு. இங்கதான் தப்பு நடந்துச்சுன்னு நான் உறுதியா நம்புறேன். ஜிஎம்ம நம்பறது சரி, ஆனா ஒரு டீமோட பத்து வருஷத்த மாத்துற முடிவுக்கு, இன்னும் ரெண்டு பேர்கிட்ட கேட்டியா, பிளேயர்கிட்ட நேரா பேசுனியான்னு கேக்கறது ஓனரோட கடமை.

ஓக்லஹோமாவ பாருங்க, லெஃப்டி அண்ணன் சொல்ற அதே சின்ன ஊர். ஜிஎம் சாம் பிரெஸ்டி 2007ல இருந்து ஒரே ஆள். துரான்ட் 2016ல விட்டுட்டு போனாரு, 2019ல பால் ஜார்ஜ் புது காண்ட்ராக்ட் போட்டு ஒரே வருஷத்துல டிரேட் கேட்டாரு. பிரெஸ்டி பதறல, ஷாய் கில்ஜியஸ் அலெக்சாண்டரையும் ஒரு கூடை பிக்கையும் வாங்கிட்டு அனுப்புனாரு, அதுல வந்த ஒரு பிக்லதான் 2022ல ஜேலன் வில்லியம்ஸ எடுத்தாங்க. நடுவுல ரெண்டு சீசன் அம்பது அம்பத்தெட்டு மேட்ச் தோத்தப்பவும் ஓனர் கிளே பென்னட் ஜிஎம்ம மாத்தல. 2025 சாம்பியன். பிளேயர் பவர்னால சின்ன டீம் அழிஞ்சிடும்னு சொல்றவங்களுக்கு இத விட பதில் வேணுமா.

காவேரிப்பட்டணம் லெஃப்டி:

ஓக்லஹோமா பாயிண்ட் நல்ல பாயிண்ட், ஒத்துக்குறேன். ஆனா அதே கிளே பென்னட்தான் 2008ல சியாட்டில் டீம மொத்தமா பேத்து ஓக்லஹோமாவுக்கு கொண்டுபோனது, 41 வருஷம் ஒரு ஊர்ல இருந்த டீம். ஹார்டன் மூணு ஊர விட்டு போனாருன்னு திட்டுனேன், ஓனர் ஒருத்தர் ஒரு ஊருக்கு டீமே இல்லாம பண்ணிட்டாரு. அப்போ நான் திட்ட வேண்டியது ரெண்டு பக்கமும்தான்.

தர்மபுரி கோர்ட்:

எல்லாரும் இவ்ளோ எழுதுனதுக்கு ரொம்ப நன்றிங்க. ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருக்கு. பெரிய முடிவுன்னா பிளேயர்கிட்ட பேசணும்ங்கறீங்க, சரி. அப்போ ஸ்டார் சொல்றத எல்லாம் கேக்கணுமா? நாளைக்கு என் டீம்லயே நல்லா ஆடுற பையன் வந்து இவன எடுங்க அவன விடுங்கன்னா நான் என்ன பண்ணுவேன்?

பழைய செண்டர், கிருஷ்ணகிரி:

கேளுங்க, கேட்டுட்டு முடிவு நீங்க எடுங்க, ஏன் அப்படி எடுத்தீங்கன்னு அவனுக்கு மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. 2022 ஆகஸ்ட்ல துரான்ட் புரூக்ளின் ஓனர் ஜோ சாய்கிட்ட, கோச் ஸ்டீவ் நாஷும் ஜிஎம் ஷான் மார்க்ஸும் வேணுமா நான் வேணுமான்னு கேட்டாரு. ஜோ சாய் கோச்சுக்கும் ஜிஎம்முக்கும்தான் என் ஆதரவுன்னு ஊரறிய சொன்னாரு. அதுவரைக்கும் சரி. ஆனா சீசன் ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துல நாஷ் போயிட்டாரு, பிப்ரவரில துரான்ட்டும் கைரியும் போயிட்டாங்க. சொன்ன சொல்லுல நிக்க முடியலன்னா அந்த அறிக்கைக்கு மதிப்பில்ல.

நல்ல உதாரணமும் அதே டல்லாஸ்லயே இருக்கு. டர்க் நோவிட்ஸ்கி 21 சீசன் ஒரே டீம், 2011ல கப். 2014ல வேற டீமுங்க மேக்ஸ் காண்ட்ராக்ட் குடுக்க தயாரா இருந்தப்போ மூணு வருஷம் 2.5 கோடி டாலருக்கு டல்லாஸ்லயே கையெழுத்து போட்டாரு, மிச்ச காசுல வேற ஆள் எடுங்கன்னு. அந்த மாதிரி விட்டுக்குடுக்கறது பயத்துனால வராது, கியூபனும் அவரும் வருஷக்கணக்கா நேர்ல பேசி பழகுனதால வந்துச்சு. லூக்கா லேக்கர்ஸுக்கு ஆடுன முதல் மேட்ச்ச பாக்க டர்க் லாஸ் ஏஞ்சலஸ்க்கே போய் உக்காந்திருந்தாரு. டல்லாஸ் ஓனருக்கு அத விட பெரிய சேதி வேற யாரும் சொல்லிட முடியாது.

ஓசூர் நைட் ஷிப்ட்:

ஐபிஎல்லயும் இதே தானே சார், 2024 மே மாசம் ஹைதராபாத்கிட்ட தோத்ததும் லக்னோ ஓனர் கிரவுண்ட்லயே வெச்சு கே.எல்.ராகுல்கிட்ட பேசுன விதத்த நாடே டிவில பாத்துச்சு. அடுத்த சீசன் ராகுல் டெல்லி. அந்த பேச்ச ரூமுக்குள்ள வெச்சிருக்கணும்.

ஊத்தங்கரை ஸ்கோர்ஷீட்:

இனிமே பாக்க வேண்டியது கூப்பர் ஃபிளாக். டல்லாஸுக்கு 2025 டிராஃப்ட் வரிசைய முடிவு பண்ற லாட்டரில முதல் பிக் வர்றதுக்கு 1.8 சதவீதம்தான் வாய்ப்பு இருந்துச்சு, அது விழுந்து ஃபிளாக் கெடச்சான், டிராஃப்ட் அன்னிக்கு 18 வயசு. ரூக்கி காண்ட்ராக்ட் நாலு வருஷம், அதுக்கப்புறமும் ரெஸ்ட்ரிக்டட் தான் (வேற டீம் குடுக்கற ஆஃபர டல்லாஸே குடுத்து வெச்சுக்கலாம்), அதனால இன்னும் பல வருஷத்துக்கு பவர் பூரா ஓனர் கைல. ஆனா 2027ல இருந்து 2030 வரைக்கும் டல்லாஸோட சொந்த ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக் எதுவும் அவங்க கன்ட்ரோல்ல இல்ல, சார்லட், ஓக்லஹோமா, ஹூஸ்டன், சான் ஆன்டோனியோன்னு முன்னாடி பண்ண டிரேட்ல சிலது கைமாறிடுச்சு, சிலது மாத்திக்குற உரிமையா போச்சு. தோத்து தோத்து இன்னொரு பிக் எடுக்கலாம்ங்கற வழியே அடைச்சிருக்கு. நிக்கோவ அனுப்புனதும் மைக்கேல் ஃபின்லியையும் மேட் ரிக்கார்டியையும் தற்காலிகமா போட்டாங்க. அந்த சீட்டுல நிரந்தரமா யார போடறதுங்கற முடிவுதான் என்ன பொறுத்தவரைக்கும் லூக்கா டிரேட விட பெரிய முடிவு. பசங்ககிட்ட அந்த சீட்டுல எப்படிப்பட்ட ஆள் இருக்கணும்னு கேட்டு பாருங்க அண்ணா, என்ன சொல்றாங்கன்னு இங்கயே எழுதுங்க.